ஏற்காட்டு விடுதியின் பழைய இணையதளம்: ஃபிரேமிலிருந்து டேபிளுக்கு மாறலாமா?

தோட்டத்து_விடுதி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தை ஒட்டி எங்கள் குடும்பம் நடத்தும் சிறு விருந்தினர் விடுதிக்கு 2001ஆம் ஆண்டில் உறவினர் ஒருவர் உருவாக்கிக் கொடுத்த இணையதளத்தையே இன்றுவரை பயன்படுத்தி வருகிறோம். அது ஃபிரேம் முறையில், அதாவது திரையைப் பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் ஒரு தனிக் கோப்பைக் காட்டும் முறையில், அமைந்தது. மேலே விடுதியின் பெயர், படம், தொலைபேசி எண் கொண்ட ஒரு பட்டை, இடப்பக்கம் மெனு, மெனுவில் எதைச் சொடுக்குகிறோமோ அந்தப் பக்கம் வந்து நிற்கும் பெரிய பகுதி வலப்பக்கம். அறைகள், கட்டணம், சேலத்திலிருந்து வரும் வழி, பார்க்க வேண்டிய இடங்கள், தோட்டத்துக் காப்பித்தூள், மிளகு என்று மொத்தம் பன்னிரண்டு பக்கங்கள்தான்.

மே மாதக் கோடை விழா நெருங்கும்போது கூகுளில் தேடி வருகிறவர்களில் பலர் நேராகக் கட்டணப் பக்கத்தில் மட்டும் வந்து இறங்குகிறார்கள். அங்கே மெனுவும் இல்லை, மேல்பட்டையில் இருக்க வேண்டிய எண்ணும் இல்லை. ஆகவே கட்டணத்தைப் பார்த்துவிட்டு யாரை அழைப்பது என்று தெரியாமல் போய்விடுகிறார்கள். கைப்பேசியில் முகப்பைத் திறந்தால் மூன்று பகுதிகளும் எழுத்துத் தெரியாத அளவுக்குச் சுருங்கி நிற்கின்றன. இவற்றோடு, உள்ளடக்கப் பக்கங்களை எல்லாம் இன்றைய பொது எழுத்துக் குறியேற்றமான யூனிகோடுக்கு மாற்றிவிட்ட பிறகும் மெனுவில் மட்டும் எழுத்துகள் புரியாத குறிகளாக வருகின்றன.

சேலத்தில் பொறியியல் படிக்கும் என் அக்காள் மகன், ஃபிரேமை எடுத்துவிட்டு ஒரே டேபிளில் (அட்டவணையில்) இரண்டு நெடுவரிசை போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். நண்பர் ஒருவரோ டேபிளும் காலாவதியானதுதான், அதற்கு மாறுவது வீண் வேலை என்கிறார். இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்.டி.எம்.எல். கோப்பைத் திறந்து திருத்தும் அளவுக்கு எனக்குப் பழக்கம் உண்டு. எனக்கே புரியாத கருவிகளில் தளத்தை ஒப்படைக்க விருப்பம் இல்லை. இரண்டில் எதைத் தேர்வது, அல்லது இரண்டும் வேண்டாம் என்றால் எப்படி அமைப்பது என்று அனுபவமுள்ளவர்கள் காரணத்தோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

அஸ்தம்பட்டி_நிரலர் எழுதியது:

ஐயா, வணக்கம். உங்கள் அக்காள் மகனும் நண்பரும் முரண்படுவதாகத் தோன்றினாலும், இருவரும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை சொல்கிறார்கள் என்பதே என் கருத்து. ஃபிரேமையும் டேபிளையும் ஒரே வேலைக்கான இரண்டு கருவிகளாக வைத்து ஒப்பிடும் வழக்கம் தொண்ணூறுகளின் இறுதியிலிருந்தே இருந்து வருகிறது. உண்மையில் ஃபிரேம் தீர்த்துவைத்தது, ஒரே மெனுவை எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவாக ஒரே கோப்பில் வைத்துக்கொள்வது எப்படி என்ற பராமரிப்புச் சிக்கலை. டேபிள் தீர்த்துவைத்தது, எதை இடப்பக்கத்தில் நிறுத்துவது, எதை வலப்பக்கத்தில் நிறுத்துவது என்ற இட அமைப்புச் சிக்கலை. ஃபிரேமை விட்டு டேபிளுக்குப் போனால் இட அமைப்புக்கு ஒரு விடை கிடைக்கும். ஆனால் மெனுவை எங்கே வைப்பது என்ற கேள்வி அப்படியே திரும்பி வந்து நிற்கும். இந்த இரண்டையும் பிரித்துக்கொண்டால் உங்கள் முடிவு எளிதாகிவிடும்.

ஃபிரேம் 1996இல் வெளிவந்த நெட்ஸ்கேப் நேவிகேட்டர் 2 உலாவியோடு புழக்கத்துக்கு வந்தது. 1997 டிசம்பரில் வெளியான எச்.டி.எம்.எல். 4.0 அதைத் தரத்துக்குள் ஏற்றுக்கொண்டது. தொலைபேசிக் கம்பி வழியே 56 கிலோபிட் மோடத்தில் இணையம் வந்த அந்தக் காலத்தில், மெனு அசையாமல் நிற்க உள்ளடக்கம் மட்டும் மாறுவது பெரிய வசதியாகவே தெரிந்தது. ஆனால் அந்த வசதியைக் கொஞ்சம் மிகைப்படுத்தியே சொல்லி வந்தார்கள் என்று நினைக்கிறேன். பட்டையிலுள்ள படத்தை உலாவி முதல் முறையிலேயே தன் தற்காலிகச் சேமிப்பில் வைத்துக்கொள்ளும். அடுத்த பக்கத்துக்கு அது மீண்டும் இறங்கப்போவதில்லை. ஃபிரேம் மிச்சப்படுத்தியது மெனுவின் சில கிலோபைட் எழுத்தையும், திரை ஒரு முறை வெளுத்து மீள்வதையும்தான். மாறாக, மூன்று பகுதிகள் கொண்ட முகப்பைத் திறக்க, பகுதிகளைப் பிரிக்கும் கோப்பு ஒன்று, அதற்குள் மூன்று பக்கங்கள் என நான்கு கோப்புகளைச் சர்வரிடம் கேட்டுப் பெற வேண்டும். அதிலும் முதல் கோப்பு வந்து சேர்ந்த பிறகுதான் மற்ற மூன்றையும் கேட்கவே முடியும். கொண்டை ஊசி வளைவுகளில் சிக்னல் விட்டுவிட்டு வரும் கைப்பேசிக்கு இந்தக் காத்திருப்பு நன்றாகவே உறைக்கும்.

கூகுளிலிருந்து வருகிறவர்கள் மெனு இல்லாத பக்கத்தில் இறங்குவது உங்கள் தளத்தின் பழுது அன்று. ஃபிரேமின் இயல்பே அதுதான். கட்டணப் பக்கத்துக்கென்று தனி முகவரி இருக்கிறது. தேடுபொறி அந்த முகவரியைத்தான் படிக்கிறது, அதைத்தான் காட்டுகிறது. மெனுவும் பட்டையும் வேறு முகவரிகளில் இருக்கின்றன. மூன்றையும் சேர்த்துக் காட்டும் முகப்போ இன்னொரு முகவரி. முகப்பு வழியாக வந்தவர் எத்தனை பக்கம் புரட்டினாலும் உலாவியின் முகவரிப் பட்டியில் முகப்பின் முகவரியே நிற்கும் என்பதால், கட்டணப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர் அதை நண்பருக்கு அனுப்ப நினைத்தாலும் முகப்பைத்தான் அனுப்ப முடியும். அச்சிட்டாலும் இதே குழப்பம்தான்: எந்தப் பகுதியில் கடைசியாகச் சொடுக்கினோமோ அது மட்டும் அச்சாகி வருவது அன்றைய உலாவிகளில் வழக்கம். ஒரு முகவரி, ஒரு பக்கம், திரையில் தெரியும் காட்சி ஆகிய மூன்றும் ஒன்றாக இருப்பதுதான் இணையத்தின் அடிப்படை என்றும், ஃபிரேம் அந்த ஒருமையை உடைக்கிறது என்றும் இணையப் பயன்பாட்டு எளிமை வல்லுநர் யாக்கோப் நீல்சன் 1996 டிசம்பரிலேயே வாதிட்டார். பெரும்பாலோர் அன்று காதில் வாங்கவில்லை.

பிறருடைய தளத்துக்கு இணைப்புக் கொடுக்கும்போதும் ஃபிரேம் வம்பை இழுத்துவரும். இணைப்பு எங்கே திறக்க வேண்டும் என்று சொல்லும் டார்கெட் பண்பை அதில் சரியாகக் குறிக்காவிட்டால் அந்தத் தளம் உங்கள் மெனுவுக்குப் பக்கத்தில், உங்கள் பெயர்ப்பலகையின் கீழே பிறர் கடைச் சரக்கை வைத்ததுபோல வந்து உட்காரும். டோட்டல்நியூஸ் என்ற தளம் செய்தித்தாள்களின் பக்கங்களைத் தன் ஃபிரேமுக்குள் தன் விளம்பரங்களோடு காட்டியதற்காக, வாஷிங்டன் போஸ்ட் உள்ளிட்ட நிறுவனங்கள் 1997இல் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தன. அது அதே ஆண்டில் சமரசத்தில் முடிந்தது. இப்போது பல தளங்கள் தம்மைப் பிறர் ஃபிரேமுக்குள் திறக்கவே கூடாது என்று சர்வரிலிருந்தே உலாவிக்குக் கட்டளை அனுப்பிவிடுகின்றன. ஆகவே "பார்க்க வேண்டிய இடங்கள்" பக்கத்திலிருந்து வெளித்தளம் ஒன்றைச் சொடுக்குகிறவருக்கு வெற்றுப் பெட்டியோ பிழைச் செய்தியோ தெரிந்தால் காரணம் அதுவாக இருக்கலாம். 2014 அக்டோபரில் பரிந்துரையாக வெளியான எச்.டி.எம்.எல். 5 ஃபிரேமையும், ஃபிரேம்களைப் பிரித்து அடுக்கும் ஃபிரேம்செட்டையும் வழக்கொழிந்தவை என்றே அறிவித்துவிட்டது. பழைய தளங்களுக்காக உலாவிகள் அவற்றை இன்னும் திறந்து காட்டுகின்றன. புதிதாக எழுதுகிறவர்கள் பயன்படுத்தக் கூடாது என்பதுதான் நிலை.

மெனுவில் எழுத்து உடைவதற்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. ஃபிரேமுக்குள் இருக்கும் ஒவ்வொரு கோப்பும் தனி ஆவணம்; ஒவ்வொன்றும் தன் எழுத்துக் குறியேற்றத்தைத் தானே அறிவிக்க வேண்டும். உங்கள் மெனு, யூனிகோடு பரவும் முன் 2001இல் இருந்த திஸ்கி, டேப், பாமினி போன்ற ஏதோ ஒரு குறியேற்றத்தில் தட்டச்சு செய்யப்பட்டதாக இருக்கும். அதற்குரிய எழுத்துரு இன்றைய கைப்பேசிகளில் இல்லை. தலைப்பகுதியில் யூனிகோடைக் குறிக்கும் யூ.டி.எஃப். 8 என்று அறிவிப்பை மட்டும் மாற்றினால் போதாது, மெனுவின் சொற்களையே யூனிகோடில் மறுபடி தட்டச்சு செய்யுங்கள். பத்துப் பதினைந்து சொற்கள்தானே, மாற்றி மென்பொருளைத் தேடி எடுப்பதைவிட இதுவே விரைவாக முடியும்.

இனி டேபிள். நெட்ஸ்கேப் 1.1 உலாவி 1995இலேயே அதைக் காட்டத் தொடங்கியது. 1997 ஜனவரியில் வந்த எச்.டி.எம்.எல். 3.2இல் அது முறையாக இடம்பெற்றது. எண்களை வரிசையாகவும் நெடுவரிசையாகவும் காட்டுவதற்குப் பிறந்த ஒன்றைக் கோடு தெரியாமல் செய்து பக்கத்தின் எலும்புக்கூடாகப் பயன்படுத்தினார்கள் என்றால், அதற்கு வேறு வழி இல்லாததே காரணம். பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சி.எஸ்.எஸ். மொழியின் முதல் பதிப்பு 1996 டிசம்பரிலேயே வந்துவிட்டாலும் உலாவிகள் அதை ஒழுங்காகக் கடைப்பிடிக்கப் பல ஆண்டுகள் பிடித்தன. அதுவரை ஒரு புள்ளி (பிக்சல்) அகலமுள்ள ஒளிபுகும் படத்தை இடைவெளிக்காகச் செருகுவதும், டேபிளுக்குள் டேபிளாக அடுக்கிக்கொண்டே போவதும் தொழில் நுணுக்கமாகவே மதிக்கப்பட்டன. அப்படிச் செய்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முகவரி, தேடல், அச்சு என்று மேலே சொன்னவற்றில் எதையும் டேபிள் கெடுப்பதில்லை. இந்த வகையில் ஃபிரேமைவிட டேபிள் எவ்வளவோ மேல். அந்த அளவுக்கு உங்கள் அக்காள் மகன் சொல்வது சரி.

டேபிள் இடறும் இடம் கைப்பேசி. அதிலும் தமிழ்ப் பக்கத்தில் அது இன்னும் மோசமாக இடறும். நெடுவரிசைக்கு அகலம் கட்டாயமாகக் குறிக்கப்படாத டேபிளில், ஒரு கட்டம் தனக்குள் இருக்கும் மிக நீளமான சொல்லைவிடக் குறுகாது. "முன்பதிவுசெய்துகொள்ளவிரும்புபவர்கள்" என்று யாரோ சேர்த்து எழுதிய ஒரே சொல், முழு நெடுவரிசையையும் அகட்டி, பக்கத்தையே திரைக்கு வெளியே தள்ளிவிடும். நம்முடைய மெனுச் சொற்களும் குறுகியவை அல்ல. மெனுவுக்கு ஒரு நெடுவரிசை, உள்ளடக்கத்துக்கு ஒரு நெடுவரிசை என்று டேபிளில் கட்டிவிட்டால் கைப்பேசியின் குறுகிய திரையில் உள்ளடக்கத்துக்குப் பாதி அகலம்கூட மிஞ்சாது. தேவைப்படுவது, அகலத் திரையில் இரண்டும் பக்கம்பக்கமாகவும் குறுகிய திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாகவும் நிற்கும் அமைப்பு. சி.எஸ்.எஸ்.ஸில் கிரிட் என்ற கட்ட அமைப்பு வசதி அதற்கென்றே வந்தது. 2017 மார்ச்சில் குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றும் அடுத்தடுத்து அதை ஏற்றுக்கொண்டன.

உங்களுக்கு என் பரிந்துரை இது. ஒவ்வொரு பக்கத்தையும் பட்டை, மெனு, உள்ளடக்கம் மூன்றும் கொண்ட முழுப் பக்கமாக ஆக்குங்கள். இட அமைப்பு முழுவதையும் ஒரே சி.எஸ்.எஸ். கோப்பில் வையுங்கள்; கைப்பேசிக்கு உரிய ஒற்றை நெடுவரிசையை முதலில் எழுதி, திரை 700 புள்ளிக்கு மேல் அகலமாக இருந்தால் மட்டும் கிரிட் இரண்டு நெடுவரிசையாகப் பிரியுமாறு மீடியா குவெரி என்ற நிபந்தனை விதி ஒன்றைச் சேருங்கள். கிரிட்டிலும் நீண்ட சொல் நெடுவரிசையை அகட்டும் என்பதால், உள்ளடக்க நெடுவரிசையின் குறைந்த அளவை அளவின் எல்லைகளைக் குறிக்கும் மின்மேக்ஸ் வழியாகச் சுழியம் என்று குறித்து, நீண்ட சொல்லை மடக்கும் ஓவர்ஃப்ளோ ராப் பண்பையும் கொடுத்துவிடுங்கள். பக்கத்தின் தலையில், எந்த அகலத்தில் காட்ட வேண்டும் என்று உலாவிக்குச் சொல்லும் வியூபோர்ட் மெட்டா வரி கட்டாயம் இருக்க வேண்டும்; அது இல்லாவிட்டால் கைப்பேசி உலாவி சுமார் 980 புள்ளி அகலமுள்ள திரை இருப்பதாக எண்ணிக்கொண்டு முழுப் பக்கத்தையும் சுருக்கிவிடும். இப்போது நீங்கள் காண்பது அந்தச் சுருக்கம்தான்.

கட்டணப் பட்டியலை மட்டும் டேபிளாகவே விடுங்கள். அறை வகை ஒரு பக்கம், வார நாள், வார இறுதி, கோடைப் பருவம் மறுபக்கம் என்று அமைந்தது உண்மையான அட்டவணை. அதை டேபிள் வேண்டாம் என்ற வைராக்கியத்தில் வேறு ஒன்றாக மாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அதுபோலவே, வழி காட்டும் பக்கத்தில் நிலப்படத்தைச் சேர்க்க, ஒரு பக்கத்துக்குள் வேறொரு பக்கத்தைப் பதிக்கும் ஐஃபிரேம் பயன்படும். பெயரில் ஃபிரேம் இருந்தாலும் அது வழக்கொழிந்ததன்று.

ஜவ்வரிசி_மண்டி எழுதியது:

மேலே நண்பர் எழுதியதில் பெரும்பகுதியோடு உடன்படுகிறேன். ஆனாலும் டேபிளுக்காக ஒரு சொல் பேச வேண்டியிருக்கிறது. சேலத்தில் ஜவ்வரிசி, ஸ்டார்ச் வணிகம் செய்யும் எங்கள் நிறுவனத்தின் தளம் பல ஆண்டுகளாக ஒரே வெளி டேபிளில்தான் நிற்கிறது. எந்த உலாவி வந்தாலும் அது உடைந்ததில்லை. ஒரு டேபிள், ஒரு வரிசை, இரண்டு கட்டம் என்ற அளவில் நிறுத்திக்கொண்டு, டேபிளுக்குள் டேபிள் போடாமல் இருந்தால், தானே கோப்பைத் திறந்து திருத்தும் ஒருவருக்கு அது கண்ணால் பார்த்தவுடன் விளங்கும். கிரிட்டில் ஒரு எழுத்துப் பிழை நேர்ந்தால் எங்கே தவறு என்று கண்டுபிடிக்கவே ஒரு மாலைப்பொழுது போய்விடும். கைப்பேசிக்காக அந்தக் கட்டங்களையே சி.எஸ்.எஸ்.ஸில் பிளாக் (தனித்து நிற்கும் பெட்டி) என்று அறிவித்துவிட்டால் அவையும் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கிவிடுகின்றன.

இன்னொன்றும் உண்டு. விடுதி நடத்துகிறவர் என்பதால் முன்பதிவு உறுதிக் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்புவீர்கள். அங்கே இன்றும் டேபிள்தான் கைகொடுக்கும். விண்டோஸில் இயங்கும் அவுட்லுக், 2007ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து மின்னஞ்சலைக் காட்ட வேர்டு மென்பொருளின் எந்திரத்தையே பயன்படுத்தி வந்தது. அதற்குக் கிரிட் என்றால் என்னவென்றே தெரியாது. பட்டை, விவரம், முகவரி என்று அழகாக அமைத்த கடிதம் அலுவலகக் கணினியில் திறப்பவருக்குக் குலைந்து தெரியக் கூடாது என்றால், கடிதத்தை டேபிளில் கட்டுங்கள்.

அஸ்தம்பட்டி_நிரலர் எழுதியது:

மின்னஞ்சல் பற்றி நீங்கள் சொன்னது முழுக்க உண்மை. நானும் கடிதங்களை டேபிளில்தான் கட்டுகிறேன். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் உங்கள் தளத்தை இடித்துக் கட்ட வேண்டும் என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் விடுதிக்காரர் எப்படியும் பன்னிரண்டு கோப்புகளையும் திறந்து புதிதாக எழுதத்தான் போகிறார். டேபிளைப் போட்டுவிட்டு, கைப்பேசிக்காக அதன் கட்டங்களை டேபிள் இல்லை என்று சி.எஸ்.எஸ்.ஸில் மறுத்து எழுதுவதைவிட, முதலிலேயே டேபிள் இல்லாமல் எழுதுவது குறைந்த வேலை. கிரிட்டுக்கு அவருக்குத் தேவைப்படுவது ஐந்தாறு வரிகள்.

செவிவழி_வாசகர் எழுதியது:

நான் சேலத்தில் பணியாற்றும் ஆசிரியர், பார்வையற்றவன். திரையில் உள்ளதை வாய்விட்டுப் படிக்கும் என்.வி.டி.ஏ. என்ற இலவசத் திரைவாசிப்பான் வழியாகவே இணையத்தைப் பயன்படுத்துகிறேன். பார்ப்பதற்கு எப்படி இருக்கும் என்பதைப் பற்றி நிறையப் பேசிவிட்டீர்கள் என்பதால் கேட்பதற்கு எப்படி இருக்கும் என்பதைச் சொல்கிறேன்.

ஃபிரேம் உள்ள தளத்தில் எம் விசையை அழுத்தி ஃபிரேம் ஃபிரேமாகத் தாவ முடியும். ஆனால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் தலைப்புக் கொடுத்திருந்தால்தான் எது மெனு, எது உள்ளடக்கம் என்று தெரியும். பெரும்பாலான தளங்களில் அது கொடுக்கப்படுவதே இல்லை. மெனு ஃபிரேமில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மாற்றம் நிகழ்வது வேறொரு ஃபிரேமில். என் கவனமோ மெனுவிலேயே நிற்கும். புதிய பக்கம் வந்துவிட்டதா இல்லையா என்பதை நானே தேடிப் போய்த்தான் அறிய வேண்டும்.

டேபிளில் சிக்கல் வேறு விதமானது. திரைவாசிப்பான் கட்டங்களை வரிசை வரிசையாகப் படிக்கும். அறைகள் பக்கத்தில் முதல் வரிசையில் மூன்று அறைகளின் படங்கள், அடுத்த வரிசையில் மூன்று பெயர்கள், அதற்கடுத்த வரிசையில் மூன்று விளக்கங்கள் என்று அழகுக்காக அமைத்திருப்பார்கள். பார்ப்பவருக்கு ஒவ்வொரு படத்துக்கும் நேர் கீழே அதன் பெயர் தெரியும். எனக்கோ மூன்று படம், மூன்று பெயர், மூன்று விளக்கம் என்று வரும். எந்த விளக்கம் எந்த அறைக்கு உரியது என்று எண்ணிப் பொருத்திக்கொள்ள வேண்டும். நேர்வரிசையாகப் படித்தால் பொருள் விளங்காத டேபிளை இட அமைப்புக்குப் பயன்படுத்தாதீர்கள் என்று மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி தளங்களை அமைப்பதற்காக 1999 மே மாதத்தில் வெளியான அணுகல்தன்மை வழிகாட்டு நெறிகளின் முதல் பதிப்பே சொல்லியிருக்கிறது. ஜவ்வரிசி மண்டி நண்பரின் ஒரு வரிசை இரண்டு கட்ட டேபிள் இந்தச் சோதனையில் தேறிவிடும். மெனு முதலில், உள்ளடக்கம் அடுத்து என்று அது ஒழுங்காகவே படிக்கப்படும். அதற்கு ரோல் பண்பில் பிரெசென்டேஷன் என்று குறித்துவிட்டால், இது அட்டவணை அல்ல என்று திரைவாசிப்பானுக்கும் விளங்கிவிடும்.

கட்டணப் பட்டியலை டேபிளாக வைக்கச் சொன்னதற்கு என் நன்றி. அதில் தலைப்புக் கட்டங்களை வெறும் தடித்த எழுத்தாகப் போடாமல், தலைப்புக்கு உரிய டி.எச். குறியால் எழுதி, அது வரிசைக்கா நெடுவரிசைக்கா என்று ஸ்கோப் பண்பில் குறியுங்கள். அப்படிச் செய்தால் கன்ட்ரோல், ஆல்ட் விசைகளோடு அம்புக்குறியை அழுத்தி நான் கட்டம் கட்டமாகப் போகும்போது "கோடைப் பருவம்" என்ற தலைப்பும் தொகையும் சேர்ந்து காதில் விழும். தலைப்பு இல்லாத அட்டவணையில் தொகை மட்டும் ஒலிக்கும். அது எந்த அறைக்கு, எந்தப் பருவத்துக்கு என்று கேட்கிறவர் எப்படி அறிவார்? நிலப்படத்துக்கு ஐஃபிரேம் போடும்போது அதற்கும் ஒரு தலைப்புக் கொடுங்கள். நிலப்படம் எனக்குப் பயன்படாது என்பதால், அடிவாரம் கடந்து எந்தப் பாதையில் வர வேண்டும், ஏரியிலிருந்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை அதே பக்கத்தில் நான்கு வரியில் எழுதியும் வையுங்கள்.

கிரிட் பற்றி ஒரே எச்சரிக்கை. அதில் கோப்பில் உள்ள வரிசை ஒன்றாகவும் திரையில் தெரியும் வரிசை வேறாகவும் அமைக்க முடியும். அந்த உரிமையை அளவோடு பயன்படுத்துங்கள். நான் கேட்பது கோப்பின் வரிசையைத்தான்.

தோட்டத்து_விடுதி எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. கிரிட்டோடு போவது என்று முடிவு செய்திருக்கிறேன். அறைகள் பக்கம் ஆசிரியர் ஐயா சொன்ன அதே மூன்று வரிசை டேபிளில்தான் இருக்கிறது. ஒவ்வொரு அறைக்கும் படம், பெயர், விளக்கம் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துத் திருத்தி எழுதிவிடுகிறேன்.

தெளிவாகாதது மெனுதான். பன்னிரண்டு கோப்புகளிலும் அதை எழுதிவிட்டால், நாளை ஒரு பக்கம் கூடும்போது பன்னிரண்டையும் திருத்த வேண்டும் அல்லவா? தளத்தை வைத்திருக்கும் ஹோஸ்டிங்கில், சர்வரிலேயே பக்கத்தைத் தொகுத்துத் தரும் பி.எச்.பி. மொழி இருக்கிறது. பழைய கோப்புகளின் பெயர்களையும், ஏற்கெனவே கூகுளில் இருக்கும் முகவரிகளையும் என்ன செய்வது என்றும் சொல்லுங்கள்.

அஸ்தம்பட்டி_நிரலர் எழுதியது:

பி.எச்.பி. இருப்பதால் மெனுவை ஒரு கோப்பில் எழுதி, ஒவ்வொரு பக்கத்திலும் இன்க்ளூட் என்ற ஒரு வரியால் அழைத்துக்கொள்ளலாம். சர்வரே மெனுவைப் பக்கத்தில் பொருத்தி அனுப்பும். உலாவிக்கும் தேடுபொறிக்கும் அது ஒரே முழுப் பக்கமாகத்தான் தெரியும். ஃபிரேம் செய்து தந்த ஒரே உருப்படியான வசதி, அதன் தீமைகள் இல்லாமல் இப்படிக் கிடைத்துவிடுகிறது. ஆனால் இதற்காகக் கோப்புகளின் பின்னொட்டை எச்.டி.எம்.எல். என்பதிலிருந்து பி.எச்.பி. என்று மாற்ற வேண்டிவரும்; அப்போது பழைய முகவரி ஒவ்வொன்றையும் புதியதற்கு 301 என்ற நிரந்தரத் திருப்பத்தால் இணைக்க வேண்டும். உங்கள் நிலையில் நான் இருந்தால் அந்த வேலையில் இறங்க மாட்டேன். மெனு ஆண்டுக்கு ஒருமுறை மாறினால் அதிகம். பன்னிரண்டு கோப்புகளிலும் அதை நேரடியாகவே எழுதிவிட்டு, மாற்றம் வரும்போது எடிட்டரில் எல்லாக் கோப்புகளிலும் ஒரே நேரத்தில் தேடி மாற்றும் வசதியைப் பயன்படுத்துங்கள். பக்கங்கள் முப்பது, நாற்பது என்று பெருகினால் அப்போது இன்க்ளூடுக்கு மாறிக்கொள்ளலாம்.

கோப்புகளின் பெயர்களை அப்படியே வைத்திருங்கள். கட்டணப் பக்கம் பழைய பெயரிலேயே இருந்தால் கூகுளில் உள்ள முகவரியும் விருந்தினர்கள் சேமித்து வைத்த இணைப்பும் தொடர்ந்து வேலை செய்யும். திறக்கும்போது இம்முறை மெனுவும் எண்ணும் கூடவே இருக்கும். முகப்புக் கோப்பில் மட்டும் ஃபிரேம்செட்டை எடுத்துவிட்டு முழுப் பக்கமாக எழுதுங்கள். தனியாக நின்ற மெனுக் கோப்பும் பட்டைக் கோப்பும் இனித் தேவையில்லை. அவையும் தேடலில் பதிவாகியிருக்கக்கூடும் என்பதால் அந்த இரண்டு முகவரிகளுக்கு மட்டும் முகப்பை நோக்கி 301 போட்டுவிட்டு நீக்குங்கள். சர்வர் மென்பொருள் அப்பாச்சியாக இருந்தால், அதன் அமைப்புக் கோப்பான எச்.டி.ஆக்செஸில் இரண்டே வரிகள்.

மாற்றத்தை முடித்த பிறகு பழைய இணைப்புகளில் டார்கெட் பண்பு எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். ஃபிரேம் இருந்தபோது மெனுவின் ஒவ்வொரு இணைப்பும் வலப்பக்க ஃபிரேமின் பெயரைச் சுட்டியிருக்கும். அந்தப் பெயரில் ஃபிரேம் எதுவும் இல்லாத பக்கத்தில் அதைச் சொடுக்கினால் உலாவி பிழை சொல்லாது. அந்தப் பெயரில் புதிய தாவல் ஒன்றைத் திறந்து அதில் பக்கத்தைக் காட்டிவிடும். தலைப்பகுதியில், பக்கத்தின் எல்லா இணைப்புகளுக்கும் பொருந்தும் பேஸ் குறிக்குள் பொதுவாக ஒரு டார்கெட் கொடுக்கும் வழக்கமும் அன்று இருந்தது. அதையும் நீக்கிவிடுங்கள்.